பீனிசம் பார்த்த மழைக்காலம்

மூக்கடைத்து வருகிறவர்களிடம் மூக்கைப் பற்றி விசாரித்தே ஒரு மனுசி காலத்தைக் கடத்தலாம் என்று நான் மருத்துவம் படிக்கப் போனபோது ஒருவரும் சொல்லவில்லை.

வலிகாமத்தில் ஒரு சிறிய அரச வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் இருக்கிறேன். ஐப்பசி மழை இறங்கியதும் என் அறை வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேர் சளி பிடித்த தடிமன்காரர். அதில் ஒரு சிலருக்குத்தான் அது பீனிசமாக முற்றும். பீனிசம் என்றால் வேறொன்றுமில்லை, முகத்தெலும்புக்குள் இருக்கிற வெற்றறைகள் வீங்கி அடைத்துக்கொள்வது. நெற்றியில் இரண்டு, கன்னத்தில் இரண்டு, கண்களுக்கு நடுவிலும் மூக்கின் பின்னாலும் இன்னும் சில. அவற்றுக்குள் எட்டிப் பார்க்க எங்களிடம் கருவி இல்லை. அநேகமாகப் பார்க்கத் தேவையுமில்லை. கேட்க வேண்டும், தட்ட வேண்டும், குனியச் சொல்ல வேண்டும், நாட்களை எண்ண வேண்டும்.

எனக்கும் இந்த வியாதி உண்டு. ஆகவே மூக்கடைத்த சகோதரங்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். மூக்கு அடைத்தால் உலகம் கொஞ்சம் தள்ளிப் போய்விடும். ஆட்கள் கதைப்பது அடுத்த வீட்டு வளவில் கதைப்பது போலக் கேட்கும். நான் வேறு பிறவியிலேயே கனவுக்காரி. நோயாளி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய நெற்றிக்குள் இருக்கும் அந்தச் சின்ன அறை எப்படி இருக்கும், யன்னல் பூட்டியிருக்குமா, உள்ளே ஈரமாக இருக்குமா என்று போய்விடுவேன். எங்கள் தாதி யோகா மிஸ்ஸி பேனாவால் மேசையில் தட்டி என்னைத் திரும்பக் கூட்டிவருவார்.

குனிந்தால் நோகிறதா

பீனிசத்துக்குக் கேட்கிற கேள்விகளில் ஒன்று, குனிந்தால் முகம் நோகிறதா என்பது. உள்ளே சளி தேங்கியிருந்தால் தலையைக் கீழே போட்டதும் கன்னமும் நெற்றியும் பாரமாகி இடிக்கும். நல்ல கேள்விதான். ஆனால் அதை எங்கே இருந்து கேட்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

ஒரு வெங்காயத் தோட்டக்காரர், அறுபது வயதிருக்கும், இரண்டு நாள் தடிமனோடு வந்தார். "ஐயா, குனிஞ்சால் நோகுதோ?" என்று கேட்டேன். "ஓம், நல்லா நோகுது" என்றார். நான் சந்தோஷமாக எழுதத் தொடங்கிவிட்டேன். பிறகுதான் எவ்விடத்தில் என்று கேட்கத் தோன்றியது. அவர் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். எழுதியதை வெட்டினேன்.

"அதில்லை ஐயா, முகம் நோகுதோ?" என்றேன். மனுசன் உடனே அந்த இடத்திலேயே குனிந்து நிலத்தைப் பார்த்தபடி நின்றார். வெளியே தகரத்தில் மழை. நானும் அவர் குனிந்திருப்பதை மறந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன். யோகா மிஸ்ஸியின் பேனா தட்டியபோது அவர் மெல்ல நிமிர்ந்து, போன கிழமை நான் தொலைத்த பேனா மூடியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "குனிஞ்சால் ஒரு இடமும் நோகாத ஆள் வெங்காயம் நடுற ஊரிலை ஆர் இருக்கினம், பிள்ளை?"

பினாயில்

ராசமலர் அக்கா வந்தது கந்தசஷ்டி விரதத்தின் நாலாம் நாள். ஐம்பது வயதுக்குக் கிட்ட. கணவர் இல்லை. எங்கள் பகுதியில் மிளகாய்த்தூளுக்கு அவர்தான் கை. செத்தல் மிளகாய், கொத்தமல்லி, சோம்பு, வெந்தயம் எல்லாம் ஆட்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அவர் தாச்சியில் வறுத்து, இடித்து, பொதி பண்ணிக் கொடுப்பார். அதில் பாதி வெளிநாடு போகும். வருமானம் அது ஒன்றுதான்.

"விரதத் தலையிடி டொக்டர், மூக்கும் கொஞ்சம் அடைக்குது, ஒரு பச்சைக் குளிசை தாங்கோ" என்றார். பச்சைக் குளிசை என்று அவர் கேட்டது அன்ரிபயோற்றிக். சளி பச்சையாக வருகிறதாம், ஆகவே குளிசையும் பச்சையாக இருக்க வேண்டுமாம். சளியின் நிறத்தை மட்டும் வைத்துக் கிருமியைச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். பிறகு வழக்கமான கேள்வி: "மணம் குணம் தெரியுதோ அக்கா?" மூக்கடைப்பு, சளி, முகநோ, மணம் குறைதல், இந்த நாலையும்தான் நாங்கள் முதலில் பார்ப்போம். "ஓம் ஓம், அதெல்லாம் தெரியுது" என்று அவசரமாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டுகிற அம்மா விறாந்தையில் பினாயில் போத்தலை விழுத்திவிட்டார். இரண்டு லீற்றராவது இருக்கும். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சேலைத் தலைப்பையும் சாரத்தையும் மூக்கில் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள். யோகா மிஸ்ஸி இருமிக்கொண்டு வெளியே போனார். பாதி அடைத்த என் மூக்கே எரிந்தது. ராசமலர் அக்கா மட்டும் ஆட்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று தெரியாமல், அமைதியாக, கொஞ்சம் சிரித்த முகத்தோடு இருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

கதவைச் சாத்தினேன். கேட்காமலே அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு மணமும் இல்லையாம், மூன்று நாளாக. கொரோனாக் காலத்துக்குப் பிறகு மணம் இல்லை என்று சொன்னாலே ஆட்கள் தள்ளி நிற்பார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பெரிய பயம் மற்றது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தூள் வறுக்கிறது என்ரை கையில்லை டொக்டர், என்ரை மூக்கு. இது போயிட்டுது எண்டு வெளியிலை தெரிஞ்சால் நாளைக்கு ஒருத்தரும் ஒரு கொத்தமல்லியும் தரமாட்டினம்."

வலக்கைப் பக்கம்

நாலு நாள் தடிமனுக்குப் பச்சைக் குளிசை இல்லை. பெரும்பாலும் அது வைரசு, தானாகவே போகும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுங்கள், நோவுக்கு இந்த மருந்தைக் குடியுங்கள், கண் பக்கம் வீங்கினாலோ, பத்து நாள் தாண்டினாலோ, சுகமாகி வந்து திரும்பக் கூடினாலோ உடனே வாருங்கள் என்று ராசமலர் அக்காவை அனுப்பினேன். அனுப்பிவிட்டு இரண்டு நாள் எனக்கு மனம் சரியில்லை. நான் சொன்னது சரிதான். ஆனால் சரியானதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த இரண்டு நாளுக்குள் வந்தவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். விடிய விடியப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர். இரண்டு கிழமைத் தடிமன், காய்ச்சல். எங்கே நோகிறது என்று கேட்டேன். "பிள்ளையாருக்குக் குட்டேக்கை வலக்கைக் குட்டு உயிர் போகுது, இடக்கைக் குட்டு ஒண்டும் செய்யேல்லை" என்றார். இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்ல முடியாது. நெற்றியைத் தட்டிப் பார்ப்பது எங்கள் பரிசோதனையிலும் உண்டு. வலது நெற்றி என்று மருந்துத் துண்டில் எழுதினேன். வலது புருவத்துக்கு மேலே தட்டினேன். அவர் முகம் சுளிக்கவேயில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினேன். ஒன்றுமில்லை.

எனக்குக் குழப்பம். அவரைக் குட்டிக் காட்டச் சொன்னேன். எழுந்து நின்று, கண்ணை மூடி, கைகளைக் குறுக்கே போட்டு, வலக்கையால் இடது நெற்றியில் ஒரு குட்டு வைத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. சின்ன வயதிலிருந்து நானும் அப்படித்தான் குட்டுகிறேன், கை மாறிப் போகும் என்பது அந்த நேரம் வரை எனக்கு உறைக்கவேயில்லை. வெட்கத்தோடு வலதை வெட்டி இடது என்று எழுதினேன். அவர் கதிரையில் இருந்து, பெருந்தன்மையாகச் சொன்னார்: "எவ்விடம் எண்டு பிள்ளையார் முதலே காட்டிப்போட்டார், நீங்கள் துண்டை மட்டும் எழுதுங்கோ."

தண்ணீருக்கு மேலே

குருநகரிலிருந்து சேவியர் அண்ணை வந்தார். மனைவியின் ஆட்கள் இந்தப் பக்கம், அவர்களைப் பார்க்க வந்த இடத்தில் எங்களிடமும் வந்தார். கடலட்டை பிடிக்க மூழ்கிச் சுழி ஓடுகிறவர். தடிமனோடு கடலில் இறங்கியிருக்கிறார். மூன்று பாகம், மூன்று ஆள் உயரம், ஆழம் போனதும் கண்ணுக்கு மேலே ஆணி இறக்கினது போல ஒரு நோ. மேலே வந்து பார்த்தால் முகக் கண்ணாடிக்குள் இரத்தம். பூட்டின அறைக்குள் காற்று போய்வர வழியில்லை, வெளியே கடல் அழுத்துகிறது, உள்ளே தோல் கிழிகிறது. இதற்குத் தட்டிப் பார்க்கவே தேவையில்லை.

மூக்கு முழுதாகத் திறக்கும் வரை கடலில் இறங்கக்கூடாது என்றேன். அவர் வாதாடவில்லை. கீழே எப்படி இருக்கும் என்று நான்தான் கேட்டேன். அது வைத்தியத்துக்குத் தேவையில்லாத கேள்வி, யோகா மிஸ்ஸி பேனாவை எடுத்துவிட்டார். சேவியர் அண்ணை சொன்னார். சத்தமே இல்லையாம். தன்னுடைய மூச்சுக் குமிழி மட்டும் கேட்குமாம். வெயில் கீழே வரும்போது பச்சையாகி, சாதாளைப் பாசிக்கு மேலே மெல்ல ஆடுமாம். அட்டை தேடுவதை மறந்து சில நேரம் அப்படியே நிற்பாராம். நானும் கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். மேசையும் துண்டும் வரிசையும் எங்கோ மேலே இருந்தன.

பிறகு அவர் எழுந்து சாரத்தைச் சரிபண்ணிக்கொண்டு, வீட்டில் இரண்டு கிழமை என்ன செய்வது என்று யோசிப்பவர் போலக் கதவடியில் நின்று சொன்னார்: "தண்ணிக்கு மேலை இருக்கேக்கைதான் டொக்டர் எனக்கு மூச்சு முட்டுறது."

பல் வைத்தியரின் கடிதம்

சேவியர் அண்ணை போன பிறகு எனக்கு ராசமலர் அக்காவின் நினைப்பு. ஒரு சின்ன அடைப்பு ஒரு ஆளைத் தன் தொழிலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறதே என்று இருந்தது. அவர் திரும்ப வரவில்லை. சுகமாகியிருக்கும் என்று என்னை நானே தேற்றினேன்.

அடுத்த கிழமை, எங்கள் வைத்தியசாலையின் மறு கோடியில் இருக்கும் பல் வைத்தியரிடமிருந்து ஒரு துண்டு வந்தது. ராசமலர் அக்கா அவரிடம் போய், வலது பக்க மேல் கடைவாய்ப் பற்கள் நான்கையும் பிடுங்கச் சொல்லிக் கதிரையில் ஏறி இருந்திருக்கிறார். பல் வைத்தியர் என்னைப் போலக் கனவுக்காரர் அல்ல. ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்திருக்கிறார். நாலும் நோகிறதாம், நாலிலும் ஒரு சொத்தையும் இல்லையாம். கன்னத்து அறையின் தரை மேல்பல் வேர்களுக்கு மேலேதான் இருக்கிறது. அறைக்குள் சீழ் கட்டினால் கீழ்வீட்டுக்காரர் கத்துவார்கள்.

துண்டில் நோயின் பெயர், பரிசோதனை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வரிதான்: "உங்கடை ஆள் ஒண்டு என்ரை கதிரையிலை இருக்கிறா, பல்லு என்ரையை விட நல்லாயிருக்கு, தயவுசெய்து வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

விரதக் கணக்கு

கூட்டிவந்தேன். முகம் வாடி, கண் சோர்ந்து, காய்ச்சலும் இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஒருவரும் திகதி சொல்லமாட்டார்கள். ராசமலர் அக்கா விரலை மடித்தார். "தடிமன் துவங்கினது விரதம் துவங்கின அண்டு. சூரன்போரண்டு கொஞ்சம் சுகம். விரதம் முடிக்கிற பாறணைக்கு எழும்பேக்கை தலையிடி இல்லை, மூக்கும் திறந்திட்டுது. முருகன் காப்பாத்திப்போட்டார் எண்டு நினைச்சன். பாறணை முடிஞ்சு மூண்டாம் நாள் பின்னேரம் குளிர் குளிரெண்டு குளிர்ந்து, இந்தப் பக்கம் முழுக்கப் பிடிச்சிட்டுது."

நான் நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். ஏழு நாளில் சுகமாகி, பத்தாம் நாள் திரும்ப விழுந்திருக்கிறது. சுகமாகி வந்து கூடுவது, ஒரே பக்கம் நோவது, மேல்பல், காய்ச்சல், கெட்டியான சளி. தோட்டக்காரரிடம் கேட்ட அதே கேள்வியை, இந்த முறை கவனமாகக் கேட்டேன். அடுப்பு ஊதக் குனிந்தால் கன்னம் கழன்று விழும் போல இருக்கிறதாம். கண்ணைப் பார்த்தேன், வீக்கம் இல்லை, பார்வை சரி, கழுத்தும் சரி. அப்பாடா என்று இருந்தது. யோகா மிஸ்ஸி பக்கத்தில் நின்றதால் மணத்தைப் பற்றி வாயால் கேட்கவில்லை. என் மூக்கைத் தொட்டுப் புருவத்தை உயர்த்தினேன். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினார். ஒரு துளி கண்ணீர் விழுந்தது.

இப்போது அன்ரிபயோற்றிக் எழுதினேன். முதலிலேயே கொடுத்திருக்கலாமோ என்று என் மனம் கேட்டது. இல்லை, அன்றைக்கு இருந்தது வேறு, இன்றைக்கு இருப்பது வேறு என்று பதில் சொன்னேன். பதில் சரியாக இருந்தும் குற்றவுணர்வு போகவில்லை. நான் இன்னும் விரலை மடித்து எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்து யோகா மிஸ்ஸி சொன்னார்: "டொக்டர், இனி நோயாளரின்ரை துண்டிலை திகதியை விட்டிட்டு, திருவிழாவை எழுதுவமோ?"

மிஸ்ஸியின் மதியச் சோறு

மூன்றாம் நாள் நோ போயிற்று. ஐந்தாம் நாள் சளி வற்றியது. மணம் மட்டும் வரவில்லை. கடைசியாகத்தான் வரும், பொறுங்கள் என்றேன். எப்போது வரும் என்று கேட்டார். தெரியாது என்றேன். சில பேருக்கு நாள் எடுக்கும் என்று மட்டும் சொன்னேன். வறுப்பதை நிறுத்தினால் ஏன் என்று ஆட்கள் கேட்பார்கள். ஆகவே நிறுத்தவில்லையாம். கொத்தமல்லி வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, மிளகாயின் நிறத்தைப் பார்த்து இறக்குகிறாராம். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாமல் வெளிக்குறியை மட்டும் வைத்து முடிவெடுப்பது எனக்குப் புதிதல்ல.

ஒரு நாள் மதியம் யோகா மிஸ்ஸி கத்தரிக்காய்க் குழம்பைத் திறந்து வைத்தார். தூள் ராசமலர் அக்காவிடம் புதிதாக வறுத்து எடுத்ததாம். எடுத்து முகர்ந்தேன். அன்றைக்கு என் மூக்கு முழுதாகப் பூட்டு. வாயில் உறைப்பு மட்டும் தெரிந்தது. எப்படி இருக்கிறதென்று பயந்து பயந்து மிஸ்ஸியையே கேட்டேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டு, மழையைப் பார்த்து, இன்னொரு வாய் சாப்பிட்டுச் சொன்னார்: "ருசியிலை ஒரு குறையும் இல்லை, ஆனால் வறுக்கேக்கை ராசமலருக்கு மனசிலை ஏதோ யோசினை இருந்திருக்கு."

சவர்க்காரம்

கார்த்திகை விளக்கீடு முடிந்து இரண்டு நாள். மழை விட்டு, முற்றத்தில் தண்ணீர் தேங்கி, அதற்குள் வானம் கிடந்தது. வரிசையில் ராசமலர் அக்கா நல்ல சேலை உடுத்து நின்றார். அவருடைய முறை வந்ததும் கதவைத் தானே சாத்தினார்.

அன்று விடியக் கிணற்றடியில் முகம் கழுவும்போது சவர்க்காரம் மணந்ததாம். முதலில் நம்பவில்லையாம். திரும்ப முகர்ந்து, பிறகு வாழையடி ஈரம், மாட்டுச் சாணம், பக்கத்து வீட்டுப் புட்டு என்று ஒவ்வொன்றாக வந்து சேர, கிணற்றுக் கட்டில் இருந்து அழுதாராம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இந்த வேலையில் இப்படி ஒரு விடியலை ஒருவர் கொண்டுவந்து மேசையில் வைப்பது அடிக்கடி நடப்பதில்லை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது.

அழுது முடித்து உள்ளே ஓடி, மூக்கில்லாத நாளில் வறுத்த தூள் போத்தலைத் திறந்து பார்த்திருக்கிறார். காந்தல் மணம். சத்தம் நிற்கும் வரை காத்திருந்து இறக்கியதில் கொத்தமல்லி கருகிவிட்டது. அதே வறுவலில் இரண்டு கிலோ கனடாவுக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்லி, வேறு வறுத்து அனுப்புகிறேன் என்று மன்னிப்புக் கேட்கக் கனடாவுக்கு ஃபோன் எடுத்தாராம். வாய் திறக்க முதலே அந்தப் பக்கத்துப் பெண் விம்மத் தொடங்கிவிட்டாராம். இத்தனை வருடத்தில் இந்த முறைதான் செத்துப்போன தன் அம்மாவின் தூள் மாதிரியே இருக்கிறதாம், இனி எப்போதும் இப்படியே வறுக்க வேண்டுமாம், தன்னோடு வேலைசெய்கிற நாலு பேருக்கும் சேர்த்து.

"பிறகென்ன அக்கா, நல்லதுதானே" என்றேன். அவர் நிமிர்ந்து இருந்தார். இத்தனை கிழமையாக நான் பார்க்காத ஒரு மிடுக்கு அவர் முகத்தில் வந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்தன. பிறகு சொன்னார்: "அந்தப் பிள்ளையின்ரை தாய் எனக்குப் பக்கத்து வளவு டொக்டர், அந்த மனிசி காலம் முழுக்கக் கருக்கித்தான் வறுத்தது, இப்ப மூக்கு நல்லா வேலை செய்யேக்கை நான் எப்பிடி அதைக் கருக்கிறது?"

எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நோயைக் கேட்டும் தட்டியும் குனியவைத்தும் எப்படியோ கண்டுபிடித்துவிடலாம், ஆனால் சுகமாகிப்போன ஒருவரின் முறைப்பாட்டுக்கு என்ன எழுதிக் கொடுப்பதென்று என்னிடம் இருக்கிற எந்தப் புத்தகத்திலும் இல்லை.